எண்ணெய்க்குக் கிணறு தோண்டிய துரை

திண்டுக்கல் சீமையில் கிணறு வெட்டிய குடும்பங்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. முப்பது அடியில் ஈரம் தெரியும். ஐம்பது அடியில் பாறை வரும். வெடி வைத்து உடைத்தால் உள்ளே மறுபடியும் பாறை. கையில் இருந்த பணம் தீர்ந்திருக்கும். வீட்டு நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். இன்னும் பத்து அடி போனால் ஊற்றுக் கண் திறக்கலாம்; திறக்காமலும் போகலாம். நிறுத்துவதா, தொடருவதா? இன்று ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்களுக்கும் இதே கேள்விதான். ஆழம் மட்டும்தான் கூடியிருக்கிறது.

இந்தக் கேள்வி சீமையிலே ஒரு கோடீசுவரரை ஏழு வருஷ காலம் ஆட்டி வைத்தது. அவர் தேடியது தண்ணீர் அல்ல, எண்ணெய். தோண்டியதும் சொந்த நிலத்தில் அல்ல. கண்ணால் கூடக் காணாத ஒரு தேசத்தில். அவர் பெயர் வில்லியம் நாக்ஸ் டார்சி. பாரசீகத்து எண்ணெய்த் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அவர்தான்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

டார்சி 1849-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி, இங்கிலாந்தில் டெவன் ஜில்லாவிலுள்ள நியூட்டன் அபட் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் வக்கீல். லண்டனில் பெயர் பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் பிள்ளை படித்தார். 1866-ல் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியது. குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் ராக்ஹாம்ப்டன் என்ற ஊரில் குடியேறினார்கள். மகனும் சட்டம் படித்துத் தகப்பனாரின் தொழிலிலேயே இறங்கினார். 1872-ல் எலினா என்ற பெண்ணை மணந்தார்.

கோர்ட்டு வேலை மட்டும் அவருக்குப் போதவில்லை. நிலத்தை வாங்குவார், விற்பார். குதிரைப் பந்தயத்திலும் பிரியம் உண்டு. லாபமா நஷ்டமா என்று தெரியாத காரியத்தில் பணம் போடுவதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. அந்த ருசிதான் அவரைத் தங்க மலைக்குக் கூட்டிச் சென்றது.

1882-ல் ராக்ஹாம்ப்டனுக்குத் தெற்கே ஒரு மலையில் மார்கன் என்ற குடும்பப் பெயருள்ள சகோதரர்கள் தங்கம் இருப்பதைக் கண்டார்கள். மலையில் தங்கம் இருந்தது. அதை வெட்டி எடுக்கச் சகோதரர்களிடம் பணம் இல்லை. உள்ளூர் பாங்கி மானேஜர் ஹால் என்பவரை நாடினார்கள். ஹால், டார்சி, பாட்டிசன் என்று மூன்று பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். செலவைத் தாங்கள் ஏற்று, சுரங்கத்தில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். சில வருஷங்களில் மார்கன் சகோதரர்கள் தங்கள் மிச்சப் பங்கையும் விற்றுவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் போனார்கள், பணம் போட்டவர்கள் நின்றார்கள்.

1886-ல் மவுண்ட் மார்கன் தங்கச் சுரங்கக் கம்பெனி ஏற்பட்டது. ஒரு பவுன் வீதம் பத்து லட்சம் பங்குகள். அவற்றில் மிகப் பெரிய பங்குதாரர் டார்சிதான்.

பங்கு என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு கூட்டுக் கிணறு வெட்டும். செலவையும் பிரித்துக்கொள்ளும், தண்ணீரையும் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். கம்பெனிப் பங்கும் அதுதான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. கூட்டுக் கிணற்றில் பங்கு வாங்குகிறவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு வாங்குவான். கம்பெனிப் பங்கை, கிணற்றையே பார்க்காத ஒருவன், அதையே பார்க்காத இன்னொருவனுக்கு விற்கலாம்.

அப்படித்தான் விற்றார்கள். ஒரு பவுன் பங்கு 17 பவுன் வரைக்கும் ஏறியது. பிறகு இறங்கியது. உச்சியில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். டார்சியோ அடிவாரத்திலேயே ஏறியவர். 1889-ல் அவர் பெரும் பணக்காரராக இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

அரண்மனை வாழ்க்கை

லண்டனுக்கு அருகே ஸ்டான்மோர் ஹால் என்ற மாளிகையை வாங்கினார். உள்ளே சுவரெங்கும் சித்திரத் திரைகள். நெய்து கொடுத்தது புகழ் பெற்ற வில்லியம் மாரிஸின் கம்பெனி. லண்டன் நகருக்குள் குரோவனர் சதுக்கத்தில் இன்னொரு வீடு. நார்போக் ஜில்லாவில் வேட்டைக்கென்று ஒரு பண்ணை. எப்சம் குதிரைப் பந்தய மைதானத்தில் தமக்கென்று தனி மேடை. எலினா 1897-ல் காலமானார். 1899-ல் நினா பூசிகோ என்ற மாதை மறுமணம் செய்துகொண்டார்.

வயது ஐம்பது. இனி உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் தங்கத்தில் ஒரு முறை ஜெயித்தவருக்கு, அதே ஜெயம் மறுமுறையும் வரும் என்ற நினைப்பு எளிதில் போவதில்லை.

1900-ல் பாரிஸில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. அதற்கு வந்திருந்த கிதாப்ஜி என்ற பாரசீக அதிகாரி, தம் நாட்டு எண்ணெயை எடுக்கப் பணமுள்ள ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். முன்பு டெஹரானில் பிரிட்டிஷ் ஸ்தானிகராக இருந்த சர் ஹென்றி டிரம்மண்ட் உல்ப், டார்சியின் பெயரைச் சொன்னார். பேச்சு வார்த்தை நடந்தது. டார்சி தம் பிரதிநிதியை டெஹரானுக்கு அனுப்பினார். 1901-ம் வருஷம் மே 28-ந் தேதி முஸாபருத்தீன் ஷா மன்னர் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பத்திரத்தின் விவரம் இது. பாரசீகத்தின் முக்கால் பாகத்தில் எண்ணெய் தேடும் உரிமை டார்சிக்கு. காலம் அறுபது வருஷம். ருஷியாவின் எல்லையை ஒட்டிய வடக்கு மாகாணங்கள் ஐந்து மட்டும் விலக்கு. ருஷியாவுக்குக் கோபம் வரக்கூடாதே! பதிலுக்கு ஷாவின் சர்க்காருக்கு ரொக்கம் 20,000 பவுன், பங்காக இன்னொரு 20,000 பவுன், பிறகு வருஷ நிகர லாபத்தில் நூற்றுக்குப் பதினாறு. அன்றைய கணக்கில் ஒரு பவுன் 15 ரூபாய். ரொக்கம் மட்டும் மூன்று லட்ச ரூபாய். ஒரு தேசத்தின் முக்கால் பாகத்துக்குக் கீழே கிடப்பதற்கு இந்த விலை. ஷாவின் கஜானா அப்போது காலியாக இருந்தது. அவசரத்தில் விற்கிறவனுக்கு நல்ல விலை எங்கே கிடைக்கும்?

எண்ணெய் எங்கே இருக்கும்?

எண்ணெய் பூமிக்குள் ஏரி போலத் தேங்கிக் கிடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் சேற்றில் புதைந்து, மேலே மண் அடுக்கடுக்காக அமுக்கி, பூமியின் சூட்டில் வெந்து எண்ணெயாகின்றன. அது பாறையின் நுண்ணிய துளைகளில் ஈரம் போல் ஊறி நிற்கும். மேலே கசியவிடாத பாறை மூடி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மெல்ல மேலே வந்து வீணாகிவிடும். அதனால்தான் நம் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையைத் துளைத்து எண்ணெய் எடுக்க முடியாது. அது ஆழத்தில் வெந்து இறுகிய பழம் பாறை. கடல் சேறு படிந்த பாறை அல்ல. காவிரி டெல்டாவின் அடியில் படிவுப் பாறை உண்டு. நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் 1980-களில் எண்ணெய் கிடைத்தது அதனால்தான்.

பாரசீகத்தில் சில இடங்களில் எண்ணெய் தரைக்கு மேலேயே கசிந்துகொண்டிருந்தது. ஆழத்தில் எண்ணெய் உண்டு என்பதற்கு அது அடையாளம். எவ்வளவு உண்டு, எந்த இடத்தில் துளைத்தால் வரும் என்பதற்கு அது அடையாளம் அல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் டார்சியின் பணம் கரைந்தது.

துளையிடும் வேலைக்கு ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்ற எஞ்சினீயரை அமர்த்தினார். இவர் நமக்குக் கொஞ்சம் வேண்டியவர். இந்தியாவில் வேலை பார்க்க எஞ்சினீயர்களைத் தயாரித்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் படித்து, இந்திய மராமத்து இலாகாவில் பணி செய்தவர். பிறகு சுமத்ராவில் எண்ணெய்க் கிணறு தோண்டிப் பழகியவர். ஐம்பது வயதை எட்டியவர். பிடிவாதக்காரர்; வாயும் கொஞ்சம் காரம்.

முதல் இடம் துருக்கி எல்லையை ஒட்டிய சியா சுர்க். இயந்திரங்கள் கப்பலில் பாஸ்ராவுக்கு வந்தன. டைகிரிஸ் நதி வழியே பாக்தாத் போயின. அங்கிருந்து கோவேறு கழுதைகளின் முதுகில் மலை ஏறின. 1902 கடைசியில் துளைக்க ஆரம்பித்தார்கள். நிழலிலேயே 120 டிகிரி வெயில். நல்ல தண்ணீர் இல்லை. அம்மை நோய் வந்தது. இயந்திரம் உடைந்தால் மாற்றுச் சாமான் வர மாதக் கணக்காகும். லண்டனில் டார்சி தந்திக்கும் கடிதத்துக்கும் காத்திருந்தார். பணம் மட்டும் காத்திருக்கவில்லை. அது போய்க்கொண்டே இருந்தது.

1904 ஜனவரியில் எண்ணெய் வந்தது! டார்சி மகிழ்ந்தார். ஆனால் கிடைத்தது நாள் ஒன்றுக்குச் சுமார் 120 பீப்பாய். சில மாதங்களில் அந்தக் கிணறும் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. கடலுக்கு வெகு தூரத்திலிருந்த அந்த மலையிலிருந்து அதைக் கொண்டுவரும் செலவுக்கே அது காணாது.

அடகுக்குப் போன தங்கம்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வறண்ட கிணறு ஓட்டாண்டியாக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் எண்ணெய் காட்டும் கிணறு அதைவிடப் பொல்லாதது. வறண்ட கிணற்றை மூடிவிட்டு வரலாம். ஈரம் காட்டிய கிணற்றை விட்டு வர யாருக்கு மனம் வரும்?

டார்சிக்கு வரவில்லை. லாயிட்ஸ் பாங்கியில் அவர் வாங்கிய கடன் 1,77,000 பவுனுக்கு ஏறியது. நம் பணத்தில் இருபத்தாறரை லட்ச ரூபாய்க்கு மேல். பாங்கி ஈடு கேட்டது. ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தின் பங்குகளைக் கொண்டுபோய் ஈடு வைத்தார். முதல் சூதில் ஜெயித்த பொருள் இரண்டாம் சூதுக்கு அடகாகப் போயிற்று.

வேறு பணக்காரர்களைத் தேடினார். ரோத்சைல்ட் குடும்பத்தாரோடு பிரான்சில் பேச்சு நடந்தது. இந்தச் செய்தி பிரிட்டிஷ் கடற்படை இலாகாவின் காதில் விழுந்தது. அப்போது கடற்படையில் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாற வேண்டும் என்று அட்மிரல் பிஷர் போராடிக்கொண்டிருந்தார். அந்த எண்ணெய் அந்நியர் கைக்குப் போவதா? அவர்களே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் கொடுத்தார்கள். அதுதான் பர்மா ஆயில் கம்பெனி.

(பாதிரி வேஷம் போட்ட ஓர் உளவாளி பிரெஞ்சுக் கப்பலில் ஏறி, டார்சியின் மனத்தை மாற்றிப் பத்திரத்தை வாங்கி வந்தான் என்று ஒரு கதை உண்டு. படிக்கச் சுவையாக இருக்கும். ஆதாரம் கிடையாது.)

பர்மாக்காரர் கை கொடுத்தார்

பர்மா ஆயில் கம்பெனி நம் பாட்டன்மாருக்குத் தெரிந்த கம்பெனி. நகரத்தார் வட்டிக் கடை வைத்த அதே பர்மாவில், யெனாங்யாங்கில் அதற்கு எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. ரங்கூனில் சுத்தம் செய்த மண்ணெண்ணெய் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. ஊர் ஊராக விளக்கு எரிந்தது.

டார்சியின் மேல் இரக்கப்பட்டா அவர்கள் வந்தார்கள்? இல்லை. பர்மாக் கிணறுகள் வற்றிவிடுமோ என்பது ஒரு பயம். பாரசீக எண்ணெய் வேறு யார் கையிலாவது சிக்கி, இந்தியச் சந்தையில் மலிவாக வந்து கொட்டுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். 1905-ல் கூட்டு ஏற்பட்டது. இனிச் செலவைச் செய்வது கிளாஸ்கோ நகரத்து டைரக்டர்கள், டார்சி கூட்டாளி. பர்மாக் கிணறுகள் நாள்தோறும் பணம் தந்துகொண்டிருந்ததால், பாரசீகக் கிணறு காய்ந்தாலும் கம்பெனி சாய்ந்துவிடாது. டார்சிக்கு இல்லாமல் போனது இதுதான். அவருக்குக் கண் கூர்மை குறையவில்லை. மடி ஆழம் போதவில்லை.

ரெனால்ட்ஸ் தென்மேற்கே போனார். ஷார்தின் என்ற இடத்தில் துளைத்தார். காய்ந்த கிணறு. கடைசியாக மஸ்ஜித் சுலைமான் என்ற மலைப் பிரதேசம். போக வழியே கிடையாது. பாதை போட்டுக்கொண்டு போனார்கள். மலைசாதித் தலைவர்களுக்குக் காவல் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் பயம் தீரவில்லை. 1907 கடைசியில் இந்தியாவிலிருந்து வங்காளக் குதிரைப் படையின் சிறு பிரிவு ஒன்று ஆர்னால்ட் வில்சன் என்ற இளம் லெப்டினண்டின் தலைமையில் அங்கே போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் முதலாளிகளின் கிணற்றுக்கு இந்தியச் சிப்பாய் காவல்!

1908 ஜனவரியில் வேலை ஆரம்பம். ஏப்ரல் மாதத்தில் பர்மாக் கம்பெனியின் பொறுமையும் தீர்ந்தது. இனிப் பாதிப் பணம் நீர் போடும் என்று டார்சியிடம் கேட்டார்கள். ஏப்ரல் 30-ந் தேதிக்குள் 20,000 பவுன். அவரிடம் அந்தத் தொகை இல்லை. தேதி வந்தது, போயிற்று. அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

1,600 அடி வரை பார்

மே 14-ந் தேதி கிளாஸ்கோவிலிருந்து ரெனால்ட்ஸுக்கு ஒரு கடிதம் புறப்பட்டது. 1,600 அடி வரைக்கும் துளைக்க வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு, சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். இதுதான் உத்தரவு.

கடிதம் கடலிலும் மலையிலும் வந்துகொண்டிருந்தது. ரெனால்ட்ஸின் ஆட்கள் துளைத்துக்கொண்டிருந்தார்கள். மே 26-ந் தேதி விடியற்காலை நாலு மணி. ஆழம் 1,180 அடி. பூமிக்குள் ஒரு முழக்கம். கறுப்பு எண்ணெய் பீறிட்டு, துளையிடும் கோபுரத்தின் உச்சிக்கும் மேலே ஐம்பது அடி எழும்பியது. வெளியே படுத்திருந்த வில்சன் கூச்சல் கேட்டு எழுந்து ஓடினார். தந்தி ஆபீசில் ரகசியம் வெளியாகிவிடாமல் இருக்க, பைபிளில் உள்ள ஒரு சங்கீதத்தின் எண்ணைக் குறித்து மேலதிகாரிக்குத் தந்தி கொடுத்தார். அதை எடுத்துப் பார்த்தவருக்குப் பூமியிலிருந்து எண்ணெய் வந்த செய்தி புரிந்தது.

நிறுத்தச் சொன்ன கடிதம் அதற்குப் பிறகுதான் ரெனால்ட்ஸின் கைக்கு வந்தது.

1909 ஏப்ரலில் ஆங்கிலோ பெர்ஷியன் ஆயில் கம்பெனி ஏற்பட்டது. பங்கு வாங்கக் கிளாஸ்கோவில் பாங்கியின் முன்னே கூட்டம் முட்டி மோதியது. இதில் ஒரு நுட்பத்தைப் பார்க்க வேண்டும். ஊராருக்கு விற்றவை முன்னுரிமைப் பங்குகளும் கடன் பத்திரங்களுமே. லாபம் பெருகினால் கூடவே பெருகும் சாதாரணப் பங்குகளில் பெரும் பாகத்தைப் பர்மா ஆயில் கம்பெனியே வைத்துக்கொண்டது. எண்ணெய் பீறிட்ட பிறகு வந்த கூட்டத்துக்கு, எண்ணெய் பீறிடுமுன் இருந்தவர்களின் பங்கு கிடைக்காது.

டார்சிக்கு அவர் செய்த செலவு திரும்பி வந்தது. அதோடு 8,95,000 பவுன் மதிப்புள்ள பர்மா ஆயில் பங்குகள். ஒரு கோடியே முப்பத்து நாலு லட்ச ரூபாய்! வெயிலில் வெந்து எண்ணெய் கண்ட ரெனால்ட்ஸை 1911-ல் ஆயிரம் பவுன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சின்னக் கம்பெனியின் கதி

டார்சி தப்பித்த கதை இது. இதைக் கேட்டதும் எண்ணெய் தேடும் சின்னக் கம்பெனி ஒன்றின் பங்கை வாங்கினால் என்ன என்று சிலருக்கு ஆசை வரும். லண்டன், கனடா, ஆஸ்திரேலியச் சந்தைகளில் இப்படிப்பட்ட பங்குகள் இன்றும் விற்பனையாகின்றன. விலை காசுக் கணக்கில் இருக்கும். அதுவே ஒரு தூண்டில்.

நம் எண்ணெய் இயற்கை வாயுக் கழகம் போன்ற பெரிய ஸ்தாபனம் ஒரு கிணறு காய்ந்தால் மற்றக் கிணறுகளின் வருமானத்தில் தாங்கிக்கொள்ளும். சின்னக் கம்பெனிக்கு வருமானமே கிடையாது. பங்கு விற்ற பணம்தான் உண்டு. அது ஒன்றிரண்டு துளைகளுக்குக் காணும். காய்ந்தது என்றால் பங்கு விலை ஒரே நாளில் சரியும். பிறகு மறுபடியும் புதுப் பங்கு அச்சிட்டு விற்பார்கள். ஒரு செம்பு மோரில் நாலு செம்பு தண்ணீர் ஊற்றிய கதைதான். முதலில் வாங்கியவரின் பங்கு நீர்த்துப்போகும். கடைசியில் எண்ணெய் வந்தாலும் அவருக்குக் கிடைப்பது கொஞ்சம்.

சின்னக் கம்பெனி ஜெயிப்பதே இல்லையா? உண்டு. ராஜஸ்தானத்தில் ஷெல் கம்பெனி தேடிச் சலித்து 2002-ல் தன் பங்கை விற்றுவிட்டுப் போயிற்று. ஸ்காத்லாந்து தேசத்துக் கெய்ர்ன் கம்பெனி விடாமல் துளைத்து, 2004 ஜனவரியில் பார்மேர் ஜில்லாவில் மங்களா என்ற பெரும் எண்ணெய் வயலைக் கண்டது. ஆனால் கெய்ர்னுக்கு அப்போது ஆந்திரக் கடலில் ராவ்வா எண்ணெய் வயலிலிருந்து வருமானம் வந்துகொண்டிருந்தது. டார்சியைப் பர்மாக் கிணறு தாங்கியது போல, இதை ராவ்வாக் கிணறு தாங்கியது.

டார்சி தமக்குச் சொந்தமான பணத்தைப் போட்டார். அவரிடம் போட இருந்தது. அவரே முழுகும் தறுவாயில் இருந்தார். கடிதம் எழுதுவதற்குப் பதிலாகத் தந்தி கொடுத்து நிறுத்தியிருந்தால்? ரெனால்ட்ஸ் உத்தரவுக்கு அடங்கும் சாதுவாக இருந்திருந்தால்? எண்ணெய் அங்கேதான் இருந்திருக்கும். வேறு யாரோ எடுத்திருப்பார்கள்.

கம்பெனிக்கு என்ன பெயர்?

எண்ணெய் கிடைத்தும் பணம் உடனே பெருகவில்லை. மலையிலிருந்து அபாதான் தீவுக்கு 138 மைல் குழாய் போட்டார்கள். அங்கே சுத்திகரிப்பு ஆலை கட்டினார்கள். ஆரம்பத்தில் ஆலை தகராறு செய்தது. கம்பெனி மீண்டும் பணத்துக்குத் தவித்தது. 1914-ல் சர்ச்சில் கடற்படை மந்திரியாக இருந்தபோது, பிரிட்டிஷ் சர்க்கார் 22 லட்சம் பவுன் போட்டுப் பாதிக்கு மேற்பட்ட பங்கை வாங்கிக்கொண்டது.

பாரசீக மக்களுக்கு அந்த நூற்றுக்குப் பதினாறு பெரிய மனக்குறையாயிற்று. லாபக் கணக்கை எழுதுகிறவர் லண்டனில் இருந்தால் பதினாறு எத்தனை என்று டெஹரானில் எப்படித் தெரியும்? பழைய பத்திரம் 1932-ல் ரத்தாகி 1933-ல் புதிதாக எழுதப்பட்டது. 1951-ல் மொசாடெக் பிரதமரானதும் ஈரான் தன் எண்ணெயைத் தேசிய உடைமையாக்கியது. நம் நாட்டிலோ, பர்மா ஆயில் கம்பெனியும் ஷெல் கம்பெனியும் 1928 முதல் கூட்டாக நடத்திய பர்மா ஷெல்லை 1976-ல் இந்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. பாரத் பெட்ரோலியம் என்பது அதுதான்.

டார்சி இவற்றில் எதையும் பார்க்கவில்லை. கடைசி வரை டைரக்டராக இருந்து, 1917-ம் வருஷம் மே முதல் தேதி ஸ்டான்மோர் மாளிகையில் காலமானார். பாரசீக மண்ணை அவர் ஒரு நாளும் மிதித்ததில்லை.

கம்பெனிக்குத் தம் கணவரின் பெயரை வைக்கவில்லையே என்று திருமதி டார்சிக்கு வருத்தம் இருந்தது. ஆங்கிலோ பெர்ஷியன் 1935-ல் ஆங்கிலோ இரானியன் ஆயிற்று. 1954-ல் பிரிட்டிஷ் பெட்ரோலியம் ஆயிற்று. டார்சியின் பெயரை அவர்கள் வைத்தது ஒரு கிளைக் கம்பெனிக்கு மட்டும். கிடைத்த எண்ணெயை விற்பது அதன் வேலை அல்ல. எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடங்களில் போய்த் துளைத்துப் பார்ப்பது. டார்சி எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனி என்று அதற்குப் பெயர்.